யாரும் கண்காணிக்காத தேர்வு

அமெரிக்காவில் மருத்துவம் படிக்க விரும்புகிறவர்கள் எழுத வேண்டிய நுழைவுத் தேர்வு எம்கேட். அதன் தேர்வறைக்குள் நுழைவதே ஒரு சடங்கு போல நடக்கும். அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். உள்ளங்கை நரம்புகளை இயந்திரம் பதிவு செய்துகொள்ளும். சட்டைப் பைகளைக் காலி செய்து காட்ட வேண்டும். கைபேசியும் கைக்கடிகாரமும் வெளியே பெட்டகத்தில் இருக்கும். உள்ளே கேமராவும் கண்காணிப்பாளரும் உண்டு. இடைவேளைகளையும் சேர்த்து ஏறத்தாழ ஏழரை மணி நேரம், நான்கு பகுதிகள், 230 வினாக்கள். ஒவ்வொரு பகுதிக்கும் 118 முதல் 132 வரை மதிப்பெண். நான்கையும் கூட்டினால் 472-க்கும் 528-க்கும் இடையில் ஓர் எண் வரும். பல ஆண்டுக் கனவு அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

இதே தேர்வை வீட்டிலும் எழுதிப் பார்க்கலாம். எம்கேட்டை நடத்தும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமே முழு நீள மாதிரித் தேர்வுகளை வெளியிடுகிறது. அதே மாதிரி வினாக்கள், அதே திரை, அதே நேரக் கணக்கு. முடித்ததும் மதிப்பெண் வரும். எந்தப் பாடத்தில், எந்த வகைத் திறனில் சறுக்கியிருக்கிறோம் என்றும் பிரித்துக் காட்டும். கண்காணிப்பாளர் மட்டும் கிடையாது. பாதியில் எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தாலோ, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாலோ கேட்க ஆளில்லை. எழுதுகிறவரும் காவல் நிற்கிறவரும் தீர்ப்புச் சொல்கிறவரும் ஒருவரேதான்.

தேர்வுக்குத் தயாராவதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் உத்திகளைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. எத்தனை வாரத்துக்கு முன் தொடங்குவது, எந்த நிறுவனத்தின் வினாத் தொகுப்பை வாங்குவது என்பதைத் தாண்டி அது போவதில்லை. இந்த மாதிரித் தேர்வுக்கு அடியிலோ சமயங்களும் தத்துவமும் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் ஒரு கேள்வி கிடக்கிறது. பார்க்க ஆளில்லாத இடத்தில் ஒருவர் தன்னைத் தானே நேர்மையாகச் சோதித்துக்கொள்ள முடியுமா?

முதலில் சங்கம் வெளியிடும் மாதிரித் தேர்வுகள் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். 1920களில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பாதியில் படிப்பை விட்டவர்கள் ஏராளம். சில கல்லூரிகளில் பாதிப் பேர் வரை தேறவில்லை. இதைத் தடுக்க 1928-இல் எஃப்.ஏ. மாஸ் என்பவர் ஒரு தகுதித் தேர்வை உருவாக்கினார். எம்கேட்டின் மூதாதை அதுதான். அரை நூற்றாண்டு கழித்து, 1979-இல், நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. தேர்வு நடத்தும் அமைப்புகள் வினாக்களையும் விடைகளையும் எழுதியவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றது சட்டம். மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. வினாக்கள் தங்கள் பதிப்புரிமைக்கு உட்பட்டவை, ஒருமுறை வெளியே போனால் மறுபடி பயன்படுத்த முடியாது என்பது அதன் வாதம். வழக்கு 1990களைத் தொட்டது. இன்றும் எம்கேட் எழுதுகிற ஒவ்வொருவரும் வினாக்களை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் அமர்கிறார்.

ஒளிவுமறைவற்ற தேர்வு வேண்டும் என்றவர்கள் பக்கமும் வலுவான நியாயம் இருந்தது. அதே காலத்தில், பள்ளி மாணவர்களுக்கான பிஎஸ்ஏடி தேர்வில், இரண்டு பிரமிடுகளை முகத்தோடு முகம் ஒட்டினால் எத்தனை முகங்கள் மிஞ்சும் என்று ஒரு வினா வந்தது. ஏழு என்பது தேர்வு அமைப்பின் விடை. புளோரிடாவைச் சேர்ந்த ஒரு மாணவர் ஐந்து என்று எழுதி, மாதிரியைச் செய்தும் பார்த்து, தன் விடைதான் சரி என்று வாதாடினார். அமைப்பு தன் தவற்றை ஏற்றுக்கொண்டு பலரது மதிப்பெண்ணைத் திருத்தியது. வினாத்தாள் வெளியே வராமல் இருந்திருந்தால் அந்தப் பிழை பிழை என்றே தெரிந்திருக்காது.

உண்மையான வினாக்கள் பூட்டப்பட்டிருப்பதால், சங்கமே வெளியிடும் மாதிரித் தேர்வுகளை மாணவர்கள் பொக்கிஷம் போலக் காக்கிறார்கள். தனியார் நிறுவனங்களின் மாதிரித் தேர்வுகள் எவ்வளவோ உண்டு. ஆனால் அவற்றின் கடினமும் மதிப்பெண் கணக்கும் அந்தந்த நிறுவனத்தின் மதிப்பீடுதான். சங்கத்தின் தாள்களைக் கடைசி வாரங்களுக்கென்று எடுத்து வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு தாளை இரண்டாம் முறை எழுதினால் அறிவோடு நினைவும் சேர்ந்து அளக்கப்படும். அந்த மதிப்பெண்ணை நம்ப முடியாது. இது விவேகம். இதே எடுத்துவைத்தலுக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கலாம். தெரிந்துகொள்ளப் பயம். தாளைத் திறக்காதவரை எந்த மதிப்பெண்ணும் சாத்தியம்தான். திறந்துவிட்டால் ஓர் எண் கண்ணெதிரே வந்து நின்றுவிடும்.

திறந்த பிறகும் தப்பிக்க வழிகள் உண்டு. எம்கேட்டின் இரண்டாம் பகுதி வாசிப்புத் திறனைச் சோதிப்பது. ஒன்பது பத்திகள், 53 வினாக்கள், 90 நிமிடம். பத்திகள் இலக்கியம், வரலாறு, தத்துவம், சமயம், அறவியல் என எதிலிருந்தும் வரலாம். வெளியறிவு தேவையில்லை, பத்தியில் இருப்பதை மட்டும் வைத்து விடை சொல்ல வேண்டும். ஒரு மாணவி இப்படி ஒரு பத்தியைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பி-யா சி-யா என்று தடுமாறி சி-யைத் தொடுகிறார். விளக்கத்தைத் திறந்தால் பி. உடனே மனம் சொல்கிறது: முதலில் நினைத்தது பி-யைத்தானே, அப்படியென்றால் இது தெரிந்த வினாதான். அடுத்த தவறு ‘சில்லி மிஸ்டேக்’ ஆகிவிடுகிறது. அதற்கடுத்தது ‘வினாவே சரியில்லை’. இப்படி நாலைந்து வினாக்களை மன்னித்துக் கூட்டிப் பார்த்தால் வேண்டிய மதிப்பெண் வந்துவிடுகிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தான் தன்னை ஏமாற்றிக்கொண்டது மட்டும்தான் நடந்திருக்கிறது. தன்னையே ஏமாற்றுவது எப்படிச் சாத்தியம், உண்மையை அறிந்தவரும் அறியாதவரும் ஒரே ஆளாக எப்படி இருக்க முடியும் என்று தத்துவவாதிகள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மாதிரித் தேர்வு எழுதிய மேசையில் அது வாரந்தோறும் நடக்கிறது.

பிளேட்டோவின் ‘மெனோ’ உரையாடலில் ஒரு காட்சி வருகிறது. சாக்ரட்டீஸ் ஓர் அடிமைச் சிறுவனை அழைத்து, மண்ணில் இரண்டடிப் பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரைகிறார். இதைப்போல இரு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். நான்கடி என்று சிறுவன் தயங்காமல் சொல்கிறான். வரைந்து பார்த்தால் பரப்பு நான்கு மடங்காகிவிடுகிறது. மூன்றடி என்கிறான், ஒன்பது சதுர அடி வருகிறது, வேண்டியது எட்டு. இப்போது தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். அந்த இடத்தில் சாக்ரட்டீஸ் மெனோவின் பக்கம் திரும்பி, இந்தத் திகைப்பில் இவனுக்கு ஏதாவது நஷ்டமா என்று கேட்கிறார். இல்லை என்று மெனோவும் ஒப்புக்கொள்கிறார். தெரியும் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது தேட வேண்டிய அவசியமே சிறுவனுக்கு இல்லை. தெரியாது என்று தெரிந்த பிறகுதான் தேடல் தொடங்குகிறது. அதன் பின்னரே மூலைவிட்டத்தின் மீது சதுரம் வரையும் விடைக்கு அவன் வந்து சேர்கிறான்.

ஒரு நல்ல மாதிரித் தேர்வு செய்ய வேண்டிய வேலை அந்தச் சிறுவனுக்கு நேர்ந்ததுதான். நான்கடி என்ற உறுதியான தவறான விடையிலிருந்து, தெரியவில்லை என்ற நேர்மையான இடத்துக்குக் கொண்டுவந்து விடுவது.

மனம் இதை ஏன் எதிர்க்கிறது என்பதற்கு ஆய்வகச் சான்றும் உண்டு. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு தரப்பு உரைநடைப் பகுதியை மறுபடி படித்தது. மற்றொரு தரப்பு படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கணக்கு தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்கள் 56, மறுபடி படித்தவர்கள் 42. அதே ஆய்வின் இரண்டாம் பகுதியில் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் தங்கள் நினைவின்மேல் நம்பிக்கை அதிகம் இருந்தது. ஒரு வாரத்தில் அதிகம் மறந்தவர்களும் அவர்கள்தான். படிப்பது சுகமாக இருக்கிறது; சோதித்துப் பார்ப்பது சங்கடப்படுத்துகிறது. அந்தச் சுகத்தை அறிவு என்று எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

இந்தச் சங்கடத்தை எப்படித் தாங்குவது என்பதில் சமயங்களுக்கும் தத்துவத்துக்கும் நீண்ட அனுபவம் இருக்கிறது. ரோமானியத் தத்துவவாதி செனெகா, கோபத்தைப் பற்றி எழுதிய நூலில், இரவு விளக்கு அணைந்து மனைவியும் பேச்சை நிறுத்திய பின் அன்றைய நாள் முழுவதையும் தனக்குள் விசாரிப்பதாகச் சொல்கிறார். செக்ஸ்டியஸ் என்ற முன்னோடியிடம் கற்ற பழக்கம் அது. சமணத்தில் பிரதிக்கிரமணம் அன்றாடக் கடமைகளில் ஒன்று. காலையும் மாலையும் செய்த பிழைகளை எண்ணிப் பார்த்துத் திரும்பி வருவது. ஆண்டுக்கு ஒருமுறை எல்லா உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்கும் நாளில் அது உச்சம் பெறுகிறது. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் பெருநூலில் ஒரு பகுதி முழுவதையும் தற்கணக்குக்கு ஒதுக்கினார். வணிகர் தம் கூட்டாளியிடம் நடந்துகொள்வதுபோல, காலையில் உள்ளத்தோடு ஒப்பந்தம் பேசி, பகலில் கண்காணித்து, இரவில் வரவு செலவு பார்க்கச் சொல்கிறார். தமிழிலும் இதற்கு ஓர் இடம் உண்டு, அந்த இடம்தான் கவனிக்கத்தக்கது. ‘குற்றங்கடிதல்’ என்ற அதிகாரத்தைத் திருவள்ளுவர் துறவியருக்கான பகுதியில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசனுக்குரிய இலக்கணங்களுக்கு நடுவே வைத்தார். பிறர் உயிர்மேல் அதிகாரம் உள்ளவர் தன் பிழையைத் தானே காணத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வைப்புமுறையிலிருந்து கிடைக்கும் செய்தி. மருத்துவருக்கு இதைவிடப் பொருத்தமான அதிகாரம் இல்லை.

எல்லாவற்றையும்விட நுட்பமாக இந்தப் பயிற்சியை வடிவமைத்தவர் இயேசு சபையைத் தோற்றுவித்த இக்னேஷியஸ் லயோலா. 1548-இல் போப்பாண்டவர் ஒப்புதல் பெற்ற அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் ஒரு சிறிய வரைபடம் இருக்கிறது. வாரத்தின் ஏழு நாட்களுக்கும் நாளொன்றுக்கு இரண்டு கோடுகள். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் அதை மனத்தில் நிறுத்தி, நண்பகலிலும் இரவிலும் எத்தனை முறை அதில் விழுந்தோம் என்று எண்ணி, கோட்டின்மேல் அத்தனை புள்ளிகள் வைக்க வேண்டும். பிறகு நண்பகலோடு இரவையும், நேற்றோடு இன்றையும், போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட வேண்டும். எம்கேட்டுக்குப் படிக்கும் மாணவர் ஒருவரின் பிழைக் குறிப்பேட்டைத் திறந்தால் ஏறக்குறைய இதையே பார்க்கலாம். வினா எண், தேர்ந்த விடை, சரியான விடை, ஏன் தவறியது, அடுத்த முறை என்ன செய்வது. கடைசி இரண்டு கட்டங்களில்தான் மொத்தப் பயனும் இருக்கிறது. ‘கவனக்குறைவு’ என்று எழுதினால் அந்தக் கட்டம் காலியாக இருப்பதற்குச் சமம். ‘அல்ல என்ற சொல்லை விட்டுப் படித்தேன், நேரம் போய்விட்டது என்று அவசரப்பட்டேன்’ என்று எழுதினால் அது ஒரு புள்ளி.

இதே இக்னேஷியஸ்தான் தன்சோதனையின் மறுபக்கத்தையும் அனுபவித்தார். 1522-இல் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, சொல்லிவிட்ட பாவங்களை முழுமையாகச் சொல்லவில்லையோ என்ற ஐயம் அவரைப் பிடித்தது. திரும்பத் திரும்பப் பாவமன்னிப்புக் கேட்டார். ஒவ்வொரு முறையும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. வாழ்வையே வெறுக்கும் அளவுக்குப் போய், கடைசியில் ஒரு முடிவெடுத்தார்: பழைய பாவங்களை இனிக் கிளறுவதில்லை. பிற்காலத்தில் தம் நூலிலேயே இந்த மிகை ஐயத்தைப் பற்றித் தனிக் குறிப்புகள் எழுதிவைத்தார். தன்னைச் சோதிப்பது ஒரு கட்டத்துக்குமேல் சோதனையின்மேல் உள்ள போதையாகிவிடும் என்பதை அவர் தம் உடம்பிலேயே கண்டவர்.

தேர்வுக் காலத்தில் இந்த நோய் சாதாரணமாக வரும். மூன்று நாளைக்கு ஒரு முழுத் தேர்வு, இரவெல்லாம் மதிப்பெண் கணக்கு, இரண்டு மதிப்பெண் குறைந்தால் உலகமே இடிந்தது போன்ற சோகம். நடுவில் பாடம் படிக்க நேரமே இருப்பதில்லை. காய்ச்சல்காரர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியை வைத்துப் பார்ப்பதால் காய்ச்சல் இறங்குவதில்லை.

இங்கே கீதையை இழுத்து வருவது வழக்கம். பலனில் பற்று வைக்காதே என்ற போதனையைச் சொல்லி, மதிப்பெண்ணைப் பார்க்காதே என்று மாணவர்களைத் தேற்றுகிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான் என்றாலும் அது போதனையின் பாதி. அதே இரண்டாம் அத்தியாயம் செயலில் திறமையையும் யோகம் என்கிறது. தன் செயலில் எங்கே குறை என்று பார்க்காதவருக்குத் திறமை எங்கிருந்து வரும்? மாதிரித் தேர்வின் மதிப்பெண் பலனே இல்லை. எந்தக் கல்லூரியும் அதைக் கேட்கப் போவதில்லை. அது செயலைப் பற்றிய செய்தி. பற்றில்லாமல் பார்க்கத் தெரிந்தவருக்கு அதைக் கூசாமல் பார்க்க முடியும். மறைக்கவும் வேண்டாம், மாய்ந்துபோகவும் வேண்டாம். பார்க்காமல் இருப்பது பற்றின்மை ஆகாது. பல நேரம் அது பற்றின் உச்சம்.

இந்த இடத்தில் ஒரு கடுமையான மறுப்பு எழும், அதை ஒதுக்கிவிட முடியாது. தேர்வுக்கு ஒத்திகை பார்ப்பது தேர்வையே பொய்யாக்காதா? உளவியலாளர் டொனால்ட் கேம்பல் 1970களில் எச்சரித்தார். பொதுவான திறனை வளர்க்கும் கற்பித்தல் நடக்கும் வரை தேர்வு நல்ல அளவுகோல். மதிப்பெண்ணே கற்பித்தலின் இலக்காகிவிட்டால் அளவுகோலும் கெடும், கற்பித்தலும் கெடும் என்றார். அமெரிக்கப் பயிற்சித் தொழிலின் தந்தை ஸ்டான்லி கேப்லனின் கதை இதற்கு ஒரு விசித்திரமான துணை. மருத்துவராக விரும்பிய அவரை நியூயார்க்கின் மருத்துவக் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. தாம் யூதர் என்பதும், பணக்காரர்களின் கல்லூரியில் படிக்காமல் அரசுக் கல்லூரியில் படித்ததும்தான் காரணம் என்று அவர் கருதினார். 1938-இல் புரூக்ளினில் பெற்றோர் வீட்டில் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி சொல்லித்தரத் தொடங்கினார். பரம்பரையும் பரிந்துரையும் அடைத்த கதவை எல்லோருக்கும் பொதுவான தேர்வு திறக்கும் என்று நம்பியவர் அவர். அவர் தொடங்கிய தொழிலே பிற்காலத்தில் காசுள்ளவர்களுக்கு இன்னொரு கதவைத் திறந்துவைத்தது.

அதனால்தான் தேர்வு நடத்தும் அமைப்பே மாதிரித் தாள்களைத் தருவது நீதியின் பாற்பட்ட விஷயம். ஒத்திகை என்று ஒன்று இருந்தே தீரும் என்றால், அசல் வினாவின் முகம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். மருத்துவக் கல்லூரிகள் சங்கம் சில தாள்களை இலவசமாகத் தருகிறது, சிலவற்றை விற்கிறது, வசதியற்றவர்களுக்குக் கட்டண உதவித் திட்டத்தில் சேர்த்துத் தருகிறது. இணையவழிக் கல்வி அமைப்பான கான் அகாடமியோடு சேர்ந்து பாடக் காணொளிகளையும் இலவசமாக வெளியிட்டது. பாராட்டத்தக்கவைதான். ஆனாலும் தேர்வை நடத்துகிறவரே தேர்வின் சாயலை விலைக்கு வைப்பது நெருடுகிறது. வெளியிடும் தாள்கள் எத்தனையோ அத்தனையும் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

கேம்பலின் எச்சரிக்கைக்கு மாணவர் தரப்பில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. மாதிரித் தேர்வை வினாவின் தந்திரத்தைக் கற்கப் பயன்படுத்தினால் அவர் சொன்ன கேடு வரும். தன் அறிவின் ஓட்டையைக் காணப் பயன்படுத்தினால் வராது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வேறுபாடு எழுதுகிறவருக்கு மட்டுமே தெரியும். ஆகவே மறுபடியும் யாரும் பார்க்காத அந்த அறைக்கே வந்து சேர்கிறோம்.

எம்கேட்டின் முடிவில் அந்த அறையின் சாயல் ஒரு கணம் தேர்வுக்கூடத்திலேயே தோன்றும். எல்லாப் பகுதிகளும் முடிந்ததும் திரை ஒரு கேள்வி கேட்கும்: இந்தத் தேர்வை மதிப்பிட வேண்டுமா, ரத்து செய்துவிடலாமா? முடிவெடுக்க ஐந்தே நிமிடம். ரத்து செய்தால் மதிப்பெண் யாருக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. வாழ்நாளில் அனுமதிக்கப்பட்ட ஏழு வாய்ப்புகளில் ஒன்று மட்டும் கழியும். ஏழரை மணி நேரக் களைப்பில், எந்த எண்ணும் கையில் இல்லாமல், தான் எப்படிச் செய்தோம் என்று தனக்குத் தானே உண்மை சொல்ல வேண்டிய ஐந்து நிமிடம் அது. மாதிரித் தேர்வுகளில் தன் தவறுகளைச் சலுகையின்றிப் பார்த்துப் பழகியவருக்கு அப்போது கையில் ஏதோ ஒன்று இருக்கும். மன்னித்து மன்னித்துக் கூட்டிப் பார்த்தவருக்குப் பயமோ நப்பாசையோதான் இருக்கும்.

இவ்வளவும் ஒரு நுழைவுச் சீட்டுக்காகத்தானா என்று கேட்பவர்களுக்கு பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மனின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற ஒவ்வொரு நோயாளியும் கடைசியில் என்ன ஆனார் என்று பின்தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும், சரியாகவில்லை என்றால் ஏன் என்று எழுத வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இன்று சாதாரணமாகத் தெரியும் இந்தக் கோரிக்கை அன்று பெரும் குற்றமாகப் பட்டது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து 1914-இல் விலகினார். தாமே நடத்திய சிறிய மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை முடித்து அனுப்பிய 337 நோயாளிகளின் கணக்கை அச்சிட்டு வெளியிட்டார். அதில் 123 பிழைகளைத் தாமே குறித்திருந்தார். பிழைகளை வகை பிரித்தார்: அறிவோ கைத்திறனோ போதாமை, அறுவை பற்றிய முடிவில் தவறு, கவனிப்போ கருவியோ போதாமை, நோயைக் கண்டறிவதில் தவறு. 1915-இல் ஒரு கூட்டத்தில், மணலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு பொன்முட்டைகளை உதைத்துத் தள்ளும் நெருப்புக்கோழியாகப் பாஸ்டனின் பணக்காரப் பகுதியை வரைந்த கேலிச்சித்திரத்தைக் காட்டினார். அதோடு உள்ளூர் மருத்துவச் சங்கத்தில் வகித்த பொறுப்பும் போனது. இன்று மருத்துவமனைகள் சிகிச்சையின் விளைவுகளை முறையாகப் பின்தொடர்வதற்கு முன்னோடி என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

காட்மனின் நான்கு வகைகளும் மாணவரின் பிழைக் குறிப்பேட்டின் நான்காவது கட்டமும் ஒரே கேள்விக்கான பதில்கள். ஏன் தவறியது? இருபது வயதில் ஒரு பல்விடை வினாவில் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூசியவர், நாற்பது வயதில் ஒரு நோயாளியின் படுக்கையருகே அதைக் கேட்பார் என்று நம்ப இடமில்லை. அமெரிக்காவின் ‘இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்’ அமைப்பு 1999-இல் வெளியிட்ட அறிக்கை, மருத்துவப் பிழைகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டது. அந்தக் கணக்கின் அளவைப் பற்றி விவாதம் உண்டு. பிழையை மறைக்கும் பழக்கம் உயிர்களைக் கொல்கிறது என்பதில் விவாதம் இல்லை.

தேர்வுத் தாள்களைப் பொறுத்தவரை இந்தியாவில் நிலைமை வேறு. நீட் தேர்வில் வினாத்தாள் எழுதியவர் கைக்கே வந்துவிடுகிறது; உத்தேச விடைகளும் வெளியாகின்றன; கட்டணம் செலுத்தி ஒரு விடையை எதிர்த்துக் கேட்கலாம். 2024-இல் இயற்பியலில் ஒரு வினாவுக்கு இரண்டு விடைகள் ஏற்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் டெல்லி ஐஐடி நிபுணர்களிடம் அனுப்பியது; ஒன்றே சரி என்று தெளிவானபின் லட்சக்கணக்கானவர்களின் மதிப்பெண் மாறியது. 2020 ஊரடங்கின்போது தேசியத் தேர்வு முகமை இலவச மாதிரித் தேர்வுகளுக்காக ‘அப்யாஸ்’ என்ற செயலியை வெளியிட்டது. ஆக, ஒத்திகைக்கான தாள்களுக்கு இங்கே பஞ்சமில்லை. பஞ்சம் நேரத்துக்கும் வழிகாட்டுதலுக்கும்தான். தமிழ்நாடு அமைத்த ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கை, பயிற்சி மையத்தில் சேர்ந்து மறுமுறை எழுதியவர்களின் பங்கு இடங்களில் கூடியதைச் சுட்டிக்காட்டியது. ஓராண்டு வீட்டிலிருந்து ஒத்திகை பார்க்க வசதியில்லாத பிள்ளையிடம் தன்சோதனையின் மேன்மையை மட்டும் பேசுவது அநீதி. அரசுப் பள்ளிகளில் முழு நீள மாதிரித் தேர்வும், அதைவிட முக்கியமாக அதற்கடுத்த நாள் ஆசிரியரோடு உட்கார்ந்து பிழைகளைப் பார்க்கும் இரண்டு மணி நேரமும் கால அட்டவணையில் இடம்பெற வேண்டும். தேர்வு நடத்துவது எளிது. பிழைகளைப் பார்க்க உட்காரும் நேரம்தான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

மருத்துவக் கனவோடு ஒரு பிள்ளை வீட்டில் மாதிரித் தேர்வு எழுதுகிறது என்றால், பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அன்று மாலை மதிப்பெண் எவ்வளவு என்று கேட்காதீர்கள். மதிப்பெண்ணுக்காகத் திட்டு விழும் வீட்டில் பிள்ளை முதலில் உங்களிடம் மறைக்கும், பிறகு தன்னிடமே மறைக்கும். எந்த வினா தவறியது, ஏன் தவறியது என்று கேளுங்கள். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டால் காத்திருங்கள்.